ராகேல் திருத்திய குருவிப்பாட்டு

ஞானசிங்குக்குக் காது இரண்டும் நன்றாகவே கேட்கும். சுருதி மட்டும் கேட்காது. சபைக் கோயிலில் அவன் வாயைத் திறந்தால் முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், குருவி எதற்குப் பாடுகிறது என்று ஆராயக் கிளம்பினான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நாகர்கோவில் காலேஜில் அவனோடு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

அக்கா ராகேல் சிரிக்கவில்லை. அவள் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். ஞாயிறுதோறும் ஒவ்வொரு ஊர்க் கோயிலாகப் போய்ப் பாட்டுக் குழுவைப் பழக்குகிறவள். எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், மிஷன் துரைசானி கற்றுக்கொடுத்த டோ-ரே-மீ எழுத்தில் கடகடவென்று எழுதிவிடுவாள். ஒருவர் அரை இம்மி பிசகினாலும் அவள் புருவம் ஏறிவிடும். அந்தக் காதைத்தான் தம்பி கடன் கேட்டான்.

அவன் ஆராய எடுத்துக்கொண்டது வண்ணாத்திக்குருவியை. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு திரியுமே, அதுதான். விடியும்போது ஆண்குருவி உச்சிக் கொம்பில் ஏறிப் பாடும். ஒரு குருவியைப் பிடித்துக் கூண்டில் அடைத்துப் பார்த்தான். பாட்டு நின்ற மறுநாளே அந்த மரத்தை வேறொரு ஆண் பிடித்துக்கொண்டு பாடியது. ஆக, இது என் மரம், எவனும் கிட்டே வராதே என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லும் பாட்டு அது. அவ்வளவு தெரிந்ததும் அடுத்த கேள்வி அவனைப் பிடித்து ஆட்டியது. அந்தப் பாட்டு பிறவியிலேயே வருகிறதா, பக்கத்துக் குருவியைக் கேட்டுப் படிக்கிறதா? பிறவியில் வருவதென்றால் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். படிப்பதென்றால் ஊருக்கு ஊர் மாற வேண்டும்.

இரண்டு வருஷம் அக்காவும் தம்பியும் வில்வண்டியில் அலைந்தார்கள். நாகர்கோவில், முட்டம், இராஜாக்கமங்கலம் என்று நாற்பத்துமூன்று குருவிகளின் பாட்டை ராகேல் எழுதினாள். நாற்பத்துமூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. பாட்டு ரத்தத்தில் ஊறியது என்று ஞானசிங் கட்டுரை எழுதினான். பம்பாயில் ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டு, 1934 ஏப்ரலில் அச்சுத்தாளைப் பிழைபார்க்க அனுப்பியது. அவன் பெயருக்குக் கீழே ராகேலின் பெயரும் இருந்தது. அந்தத் தாளை அவள் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள். நாற்பது வயதில் என்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இராஜாக்கமங்கலத்தில் பாட்டுப் பழக்கம். மூன்றாவது அடியின் முடிவில் சுரம் மேலே ஏற வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வழக்கம்போலக் கீழே இழுத்தார்கள். அவள் நிறுத்தினாள், பாடிக் காட்டினாள், மறுபடியும் இழுத்தார்கள். எத்தனை வருஷமாக இந்தத் தொல்லை! சபை மூப்பர் ஞானையன் எழுந்து பணிவாகச் சொன்னார்:

“டீச்சர், எங்க ஊருல இது இப்பிடித்தான் கேட்டியளா. எங்க அப்பன்மாரும் இப்பிடித்தான் பாடுனாவ.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்த நேரம், வெளியே பூவரசு மரத்தில் வண்ணாத்திக்குருவி பாடியது. கடைசிச் சுரம் கீழே இறங்கியது. பாவம், பிசகிவிட்டது என்று அவள் மனம் தன்போக்கில் அதை மேலே ஏற்றி வைத்தது. அப்படி ஏற்றியதை அவளே கண்டுகொண்டாள்.

பழக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்குள் நடந்தாள். அங்கே ஒரு குருவி, அதுவும் இறக்கியது. குளக்கரையில் ஒன்று, அதுவும் இறக்கியது. வெயில் ஏறுவதற்குள் ஐந்து குருவிகளைக் கேட்டுவிட்டாள். தினமும் வீட்டில் கேட்கும் நாகர்கோவில் குருவி ஒன்றுகூட இப்படி இறக்காது. இத்தனை நாளும் இவள் பாட்டுக் குழுவைத் திருத்துவதுபோலக் குருவியையும் திருத்தி எழுதியிருக்கிறாள். பென்சில் தாளைத் தொடுவதற்கு முன்பே காது திருத்திவிட்டது. பழைய நோட்டில் தேடினாலும் உண்மை கிடைக்காது.

வண்டியில் திரும்பும்போது அவளுக்குக் கெட்ட யோசனை வராமல் இல்லை. தம்பிக்குச் சுருதி கேட்காது. பம்பாய்க்காரன் இராஜாக்கமங்கலத்துக்கு வந்து குருவி கேட்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் பெயர் அச்சில் வரும். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியுமே, அதுதான் தொல்லை. கூடவே, முட்டத்துக் குருவி உண்மையில் எப்படித்தான் முடிக்கிறது என்று அறியும் ஆசை வேறு அவளை அரித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஞானசிங்கின் முகம் செத்துப்போயிற்று. இரண்டு வருஷத்தையும் மண்ணாக்கிவிட்டாயே என்றான். அவன் அவளை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அழுதாள். மத்தியானச் சோறு இருவருக்கும் இறங்கவில்லை.

சாயங்காலம் அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“அந்த ஊருல எல்லாம் ஒண்ணுபோல எறங்குதாக்கா?”

அவள் இரண்டு முடிவையும் பாடிக் காட்டினாள். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பாடினாள். நாகர்கோவில் குருவி முடித்த இடத்தில் அவன் கையை மேலே தூக்கினாள், இராஜாக்கமங்கலத்துக் குருவி முடித்த இடத்தில் கீழே இறக்கினாள். மூன்று தடவை. நான்காம் தடவை அவன் கை தானாகவே இறங்கியது.

“அப்பம் பக்கத்துக் குருவியக் கேட்டுல்லா படிக்குவு,” என்றான். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, கண் பளபளத்தது. குருவி பாடும் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, நாளைக்கே முட்டம் போவோம் என்று குதித்தான்.

போவதற்கு முன் பம்பாய்க்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. கட்டுரையை நிறுத்திவிடுங்கள், குறித்ததில் பிழை நேர்ந்துவிட்டது என்று அவன் எழுதினான். யார் பிழை என்று எழுதவில்லை. ராகேல் வாசித்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

“எனக்க பேர எழுதணும் மக்கா.”

“இந்தக் கடுதாசிய அச்சுல போட்டானுவன்னா, உனக்க பேரு மொதமொதல்ல இப்பிடியாக்கா வரணும்?”

“வரட்டு. குருவி தப்பாப் பாடல்லேன்னு ஒரு ஆளு சொல்லணும்லா?” என்று சொல்லி, முழுப் பெயரையும் தெளிவாக எழுதினாள்.