சூடத்தில் அடித்து வாங்கிய ஓட்டு

வளைகுடா நாட்டில், ருவைஸ் தொழிலாளர் கேம்புக்கு டூட்டி முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன்பே மாரியம்மாளை வீடியோவில் கூப்பிடுவான் சோலையப்பன். வெயிலில் சாரம் கட்டிச் சம்பாதித்ததையெல்லாம் ஊரில் ஒரு மாடி வீடாக நிறுத்தியிருந்தான். அந்த வீட்டைத் தினமும் ஒரு சுற்றுப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அன்று மாரியம்மாள் போனை நேராகச் சுவரருகே கொண்டுபோனாள். மேலிருந்து ஜன்னல் வரை விரிசல் ஓடியிருந்தது.

"குவாரியில மறுபடியும் வெடி வச்சாக. பக்கத்துலயே இன்னொரு குழியும் தோண்டுறாக," என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போன வருடம் தொகுதி எம்.எல்.ஏ. இறந்து இடைத்தேர்தல் வந்தது. வளைகுடாவிலேயே தொழில் செய்யும் மணிமாறன் என்ற பிரமுகர், அங்கே வேலை செய்யும் ஊர்க்காரர்களையெல்லாம் பஸ் வைத்து அல் குசைஸில் ஒரு மண்டபத்துக்கு அழைத்துப்போய் பிரியாணி போட்டார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்.

"அண்ணனுக்கு இங்கிருந்து ஓட்டுப் போட முடியாது. ஆனா அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா வீட்டுல மறுபேச்சு உண்டா? நிக்கிறது நம்ம ஆளுண்ணே!"

நாளெல்லாம் 'யல்லா, ஜல்தி' என்று விரட்டப்படுகிறவனை ஒரு கோட்டுக்காரர் அண்ணன் என்றால் தலைகால் புரியுமா? சோலையப்பனுக்குப் புரியவில்லை. பொன்னாடையைக் கொண்டுவந்து தன் கட்டிலுக்குத் திரையாகக் கட்டிக்கொண்டான். மறுநாளே மாரியம்மாளிடம் பேசினான்.

அவள் தயங்கினாள். "அவரு குவாரிக்காரருங்க. வெடிச் சத்தத்துல அடுக்குப் பானையெல்லாம் உருளுது. ராதிகாக்கா குவாரிய மூடணும்னுதான் தேர்தல்ல நிக்குது. அதுக்குப் போடலாம்னு..."

"சுயேச்சைக்குப் போட்டு ஓட்ட வீணாக்குவியா? நம்ம ஆளுக்குத்தான் போடணும். சூடத்தக் கொளுத்து. அடிச்சுச் சத்தியம் பண்ணு."

சாமி படத்தின் முன் போனைச் சாய்த்துவைத்து, எரியும் சூடத்தை அவள் அடித்து அணைத்தாள். அவளுடைய உள்ளங்கை சிவந்ததைப் பார்த்தபோது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பாவி மனுசன். குவாரிக்காரர் ஜெயித்தார்.

இப்போது விரிசலைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டான்: "மறைப்புக்குள்ள நீ யாருக்குப் போட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ராதிகாவுக்கே போட்டிருக்கலாமே மாரி?"

"உங்களுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்ல? நீங்க சத்தியம் வாங்கினீக, நான் காப்பாத்திட்டேன். வீட்டத்தான் காப்பாத்த முடியல."

ஒரு ஓட்டில் என்ன ஆகியிருக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தான். ஆனால் அன்று பிரியாணி தின்றவர்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். எத்தனை வீடுகளில் சூடம் எரிந்ததோ!

எதிர்க் கட்டிலில் வைரவன் போனில் தன் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தான். ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. "நான் சொல்ற ஆளுக்குத்தான் நீ போடணும், ஆமா!"

சோலையப்பன் எழுந்து பொன்னாடையை அவிழ்த்துச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு தன் போனை வைரவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"வைரவா, அங்க குடியிருக்கிறது அவடா, நீயில்ல. யாரு வந்தா நல்லதுன்னு அவளுக்குத் தெரியும். பொண்டாட்டியோட ஓட்டப் புருசன் பிடுங்குனா அதுவும் திருட்டுதான். நான் திருடுனேன். இந்தா, என் வீட்டுச் சுவரப் பாரு."