ஜனவரி அக்கா ஓட்டிய பஸ்

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஜனவரி. வைத்தவன் கூடப்பிறந்த தம்பி, வேறு யார்? வருஷம் பிறந்தால் போதும், அக்கா எல்லாரையும் உட்கார வைத்துச் சபதம் போடுவாள். நீச்சல் கற்பேன் என்பாள், காலையில் எழுந்து ஓடுவேன் என்பாள். மாதம் முடிவதற்குள் எல்லாம் புஸ்ஸென்று போய்விடும். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. "கை வந்தாச்சு, உடம்பு எப்ப வரும் ஜனவரி?" என்று தம்பி வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்பான்.

அவளும் யோசித்துப் பார்த்தாள். சபதம் போட்ட அன்றைக்கே ஆளாளுக்கு ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிடுகிறார்கள். பாராட்டெல்லாம் முதல் நாளே கைக்கு வந்துவிட்டால் அப்புறம் எவள் மெனக்கெடுவாள்? அதனால் போன வருஷம் ஒரு தந்திரம் செய்தாள். "இனிமே சர்க்கரையைத் தொடமாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, மறுநாளே எல்லார் கண்ணிலும் படும்படி காபியில் அள்ளிப் போட்டுக் குடித்தாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும்! அவர்கள் சர்க்கரை டப்பாவையே காவல் காத்துக்கொண்டிருக்க, நிஜச் சபதம் அவள் மனசுக்குள் பத்திரமாக இருந்தது. தினமும் கழுவுகிற பஸ்ஸை ஒரு நாள் ஓட்ட வேண்டும்.

ஆமாம், அவள் டிப்போவில் பஸ் கழுவுகிறவள். கழுவி முடித்ததும் அங்கேயே ஸ்டியரிங் பிடித்துப் பழகினாள். வீட்டில் கேட்டால் ஓவர்டைம். கற்றுக்கொடுத்த மீசைக்காரர் வாயைத் திறந்தால் திட்டுதான். டிரைவர் வேலைக்கான முதல் டெஸ்டில் கம்பத்தை இடித்துப் பெயிலானாள். வீட்டுக்கு வந்து அழ முடியுமா? தேவையே இல்லாமல் வெங்காயத்தை எடுத்து வைத்து நறுக்கி நறுக்கி அழுதாள். அடுத்த டெஸ்டில் பாஸ். கட்டின புருஷனுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இதோ, புது வருஷத்தன்று காலை, பயணிகளோடு அவளுடைய முதல் ஓட்டம். பக்கத்திலேயே மீசைக்காரர். "ஒரு கீறல் விழுந்தாலும் திரும்பவும் வாளியும் பிரஷ்ஷும்தான், தெரியுதா?" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். வழியோ அவள் குடியிருக்கும் தெரு வழி.

நிறுத்தத்தில் குடும்பமே நின்றது. வருஷாவருஷம் நாத்தனார் வீட்டு விருந்துக்கு இந்த பஸ்ஸில்தான் போவார்கள். அவள் வேலை முடித்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். முதலில் ஏறிய புருஷன் டிரைவர் சீட்டைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார். மகள் "அம்மா!" என்று கத்தியே விட்டாள். தம்பிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"அக்கா, விளையாடாதே, இறங்கு. டிரைவர் வந்தா திட்டப் போறாரு."

"டிரைவர் வந்தாச்சு. கம்பியைப் பிடிச்சு நில்லு."

தெரு முனையில் திரும்ப வேண்டும். அங்கே ஒரு வேன் பாதி உடம்பைத் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. "எந்த அறிவுகெட்டவன் வண்டி இது?" என்று மீசைக்காரர் பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். தம்பி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அறிவுகெட்டவன் அவன்தான்.

"அக்கா, இரு, ஓடிப்போய்ச் சாவி எடுத்துட்டு வந்துடறேன். இதுல பஸ் போகவே போகாது."

"எதுக்கும்மா வம்பு, அவன் எடுக்கட்டுமே" என்றார் புருஷன்.

மீசைக்காரர் போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்? ஒரு கீறல் போதும், வாளிதான். ஆனால் மூலை முடுக்கு விடாமல் இத்தனை வருஷம் கையால் தேய்த்த பஸ் இது. அதன் விலா எங்கே முடிகிறது, பின்பக்கம் எங்கே வளைகிறது என்று அவள் தோளுக்கே தெரியும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வேனின் பக்கக் கண்ணாடி பஸ் ஜன்னலோரமாக ஊர்ந்து போயிற்று, நடுவில் ஒரு உள்ளங்கை நுழையும், அவ்வளவுதான். பின்பக்கமும் தாண்டியது.

மீசைக்காரர் திட்ட வாயைத் திறந்தார். திட்ட ஒன்றும் அகப்படவில்லை. "ம். போம்மா" என்றார். அந்த 'ம்'முக்காக அவள் ஒரு வருஷம் உழைத்திருக்கிறாள். பெருமையில் நெஞ்சு விம்மியது, அதை மறைக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் மகள் கை தட்ட, யாரென்றே தெரியாதவர்கள் கூடச் சேர்ந்து தட்டினார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறினார். தம்பி ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டான்.

"பார்த்து ஏறுங்க, அவசரமே இல்ல. ஓட்டுறது எங்க அக்கா."

"அப்படியா! அவங்களை என்னன்னுப்பா கூப்பிடுவீங்க?"

தம்பியின் நாக்கு நுனி வரை அந்தப் பட்டப்பெயர் வந்துவிட்டது. கண்ணாடியில் அக்காவின் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டிரைவரம்மான்னு" என்றான்.