நாற்பத்தொரு சதவீதம்

பொன்னுலிங்கத்துக்கு முதலில் தீங்கு செய்தவர் அவருடைய சகலை சங்கரபாண்டி. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், மச்சினன் கல்யாணத்தில், முதல் பந்தியில், இலை போட்டு உப்பும் வைத்த பிறகு, "சகலை, கொஞ்சம் எந்திரிங்க. எங்க மேனேஜர் உக்காரட்டும்" என்றார். பொன்னுலிங்கம் எழுந்து, கை கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லாமல், பஸ் ஏறினார்.

ஊரில் இருக்கும் பெரிய பலசரக்குக் கடையில் மனத்தாங்கலுக்குத் தள்ளுபடி உண்டு. வருஷத்துக்கு ஒரு சதவீதம். தீங்கு செய்தவர் பெயர், இடம், வருஷம் சொன்னால் கூப்பன் போட்டுத் தருவார்கள். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்தான். செய்தவர் மன்னிப்புக் கேட்டு, பட்டவர் "சரி" என்று சொல்லிவிட்டால் கூப்பன் காலாவதி.

பொன்னுலிங்கத்திடம் பதினேழு கூப்பன் இருந்தது. கால்சட்டையைக் குட்டையாகத் தைத்த டெய்லர், மீதிச் சில்லறை தராத கண்டக்டர், நாய்க்கு இவர் பெயரை வைத்த எதிர்வீட்டுக்காரர் என்று பல தரம். எதைப் போட்டால் லாபம் என்று போனே பார்த்துச் சொல்லும். அது பதினேழையும் புரட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் சங்கரபாண்டியிடமே வந்து நிற்கும். போனுக்கும் நியாயம் தெரிந்திருந்தது.

நாற்பத்தொன்றுக்கு மேல் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. அவர் வந்தால் வரிசை விலகி வழிவிடும். சங்கரபாண்டிக்கு மூன்று மாடி வீடு, இரண்டு கார். ஆனால் அவரை வருத்தப்படுத்த ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. அதனால் முழு விலை கொடுத்துத்தான் வாங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொன்னுலிங்கம் பில் போட நின்றபோது, பின்னால் நெய் டப்பாக்களோடு சங்கரபாண்டி வந்து நின்றார்.

"சகலை, அன்னைக்கி நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க."

பில் போடும் ஜெசிந்தாவின் கை நின்றது. சங்கரபாண்டியின் குரல் நிஜமாகவே கரகரத்தது. பொன்னுலிங்கத்தின் தொண்டை வரைக்கும் அந்தச் "சரி" வந்துவிட்டது. அதைச் சொன்னால் நாளை முதல் அவர் டெய்லரோடு பிழைக்க வேண்டும். டெய்லருக்குப் பதினெட்டு சதவீதம்தான்.

எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"உளுந்து ரெண்டு கிலோன்னு இருக்கா பாரும்மா" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி."

சங்கரபாண்டி சிறிது நேரம் அவருடைய முதுகைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவிடம், "மன்னிப்புக் கேட்டேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பேரு பொன்னுலிங்கம். இடம் இதே எடம். எழுதிக்கோ" என்றார்.

"எழுதிட்டேன் சார். அடுத்த வருஷம் இதே தேதிக்கு ஒரு சதவீதம்."

"ஒண்ணா?" என்றார் பொன்னுலிங்கம், திரும்பாமலே. "அப்போ எனக்கு நாப்பத்திரெண்டு."

வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

மன்னிப்புக் கேட்டும் காலாவதியாகாத கூப்பனுக்கு, பறிபோனதையே திருப்பித் தரும் கேஷ்பேக் உண்டு என்பதால், கல்லா திறந்தது. ஜெசிந்தா இரண்டு கையாலும் அந்தக் கல்யாணப் பந்தி இலையை எடுத்து வைத்தாள். அதே தலைவாழை இலை. ஓரத்தில் மேனேஜர் அவசரத்தில் தொட்ட உப்பு. சோறும் சாம்பாரும் சூடாக இருந்தன. அவியலில் முருங்கைக்காய் நன்றாக வெந்திருந்தது.

பொன்னுலிங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு கல்லாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. சங்கரபாண்டி குனிந்து குனிந்து பரிமாறினார். அப்பளம் வரை வந்தது.

"பாயசம்?" என்றார் பொன்னுலிங்கம்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள்.

"அதை மேனேஜர் குடிச்சிட்டாராம் அண்ணாச்சி. பாக்கின்னு காட்டுது."

பொன்னுலிங்கம் இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.