உச்சி வெயிலில் காலடி

உச்சி வேளையானால் கூரையில் யாரோ நடந்தார்கள். டக், டக், டக் என்று சமையலறைப் பக்கம் தொடங்கி, கூடத்தில் கலாதேவியின் கணவன் ஜெயபாலன் படுத்திருக்கும் இடத்துக்கு நேர்மேலே வந்து நிற்கும். பூனையோ என்று அவள் வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒன்றுமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடி கேட்டது.

ஜெயபாலன் ஜெலாப்பாங் ஊரிலுள்ள தொழிற்சாலையில் இரவு வேலையாக, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். தூக்கமெல்லாம் பகலில்தான். வெளிச்சத்துக்காகக் கூரையில் சமையலறையிலிருந்து கூடம்வரை நீளமாகப் பதித்திருந்த பிளாஸ்டிக் தகடு வழியே வெயில் கண்ணைக் குத்துகிறது என்று, அதற்குக் கீழே அவனே கறுப்புத் துணி கட்டினான். அந்த வாரமே காலடி தொடங்கியது.

"இது பழைய எஸ்டேட் நெலம் லா. முனி ஓடுற பாதையில வீட்டக் கட்டிட்டானுங்க," என்று தகட்டுக்கு நேர்கீழே எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்தான்.

"முனிக்கு நம்ம கூரைய விட்டா வேற வழியே இல்லியா? ஹைவேல போவச் சொல்லுங்க."

சொன்னாளே தவிர, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் தூக்கம் கெட்டு, முந்தின இரவு வண்டியிலேயே கண்ணயர்ந்தவன், பாரத்தை ஓர் ஆளின் காலருகே இறக்கியிருந்தான்.

அன்றும் காலடி வந்து நின்றது. அவன் இமைக்காமல் மேலே பார்த்துக் கிடந்தான். அப்போது மேகம் சூரியனை மறைத்து, வீடு இருண்டது. டக், டக். காலடி வந்த வழியே சமையலறைக்குத் திரும்பியது.

"போவுது," என்று கிசுகிசுத்தான்.

மேகம் விலகியது. மறுபடி வந்தது.

கலாதேவிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் முனிக்கு மேகத்தோடு என்ன வேலை? ஏணியில் ஏறித் துணிக்கு மேலே கையை விட்டாள். அடுப்புக்குள் விட்டதுபோல் இருந்தது. அவள் விரலருகே தகடு திருகாணியில் வழுக்கி, டக் என்றது.

துணி வெயிலைத் தடுக்கவில்லை; உள்ளே வந்த பிறகு பிடித்து வைத்துக்கொண்டது. கறுப்பு சூடேற, இடையில் அடைபட்ட காற்றும் அதற்கு மேலுள்ள தகடும் சூடேறின. சூட்டில் நீளும் தகடு திருகாணிக்குத் திருகாணி வழுக்கும். குளிர்ந்தால் சுருங்கித் திரும்பும்.

அவள் சொன்னதும், "அப்ப துணியக் கழட்டிருவோமா?" என்றான் ஜெயபாலன்.

"கழட்டினா வெயில் மூஞ்சியில அடிக்கும்லா. வெளியவே மறைக்கணும்."

துணியை அவிழ்த்தார்கள். செடிகளுக்குப் போடும் நிழல்வலையைக் கூரைக்கு வெளியே, தகட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில், கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். வெயிலில் பெரும்பகுதி வலையிலேயே நின்றது. வலையின் சூட்டை இடையில் ஓடிய காற்று கொண்டுபோனது. தகடு கொதிக்கவில்லை; காலடியும் கேட்கவில்லை. ஜெயபாலன் தூங்கினான்.