விளக்கு மினுக்கியபோது வீட்டில் இருந்தவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் கொலை கிடையாது. பழக்க தோஷத்தில் நடுவில் ஒரு பிணம் வந்து விழுந்தால் தாண்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கதை பிறந்தது என் மனைவியின் வாயிலிருந்து. "வாராவாரம் எவன் கழுத்தை எவன் அறுத்தான்னு கண்டுபிடிக்கிறீங்களே, நம்ம வீட்டு நெட் கழுத்தை அறுக்கிறவன் யாருன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றாள். தொடர்கதைக்காரனிடம் இப்படிச் சவால் விட்டால் அவன் பேனாவைத் தேடுவானே தவிர ஸ்க்ரூடிரைவரைத் தேடமாட்டான். நானும் தேடவில்லை.

அவள் அவசரம் வேறு. காது கேளாதவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டங்களில், பேசுகிறவர் பேசப் பேச அதை எழுத்தாக்கித் திரையில் ஓடவிடுவது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு தொழிற்சாலைக்கு மூன்று வெள்ளோட்டம் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். முதலாவது பாதியில் உறைந்தது. இரண்டாவதில், பாதுகாப்பு அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது, "அலாரம் அடித்தால் உடனே" என்ற இடத்தில் எழுத்து அப்படியே நின்றுபோனது. அங்கே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். உடனே என்ன?

"உங்க தொடர்ல அப்படி நிறுத்தினா கை தட்டுவாங்க. என் வேலைல அப்படி நின்னா ஆள் போயிடும்" என்றாள்.

மூன்றாவது வெள்ளோட்டம் அன்று நாலு மணிக்கு. அதுதான் கடைசி. கைபேசி இணையத்தில் செய்யக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. ஆக, எங்கள் வீட்டுக் கேபிள்தான் கதி.

2

தொடக்கம் ஒன்று: 'வெளியே பேய்மழை. மின்னல் வெட்டிய நொடியில்...' [அடித்துவிட்டேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.]

தொடக்கம் இரண்டு: 'மோடத்தின் பச்சை விளக்கு மினுக்கியது. உள் அறையில் எங்கோ ஒரு கதவு மூடும் சத்தம். பிறகு யாரோ' [யாரோ என்ன? தெரிந்தால் எழுதியிருக்கமாட்டேனா? கதவுச் சத்தத்தையும் எடுத்துவிட்டேன். பக்கத்தை நிரப்பும் வேலை.]

தொடக்கம் மூன்றை எழுதவிடாமல் அவள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

* ஒரு குறிப்பு, இதற்குப் பிறகு குறிப்பு கேட்காதீர்கள்: தெருக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கூடத்துக்குள் வருகிறது. அங்கே தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி ஒன்று அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஸ்ப்ளிட்டர் என்பார்கள். ஒரு கிளை பக்கத்திலேயே மேசைமேல் இருக்கும் மோடத்துக்கு. இன்னொன்று உள் அறை டிவிக்கு.

3

சந்தேக நபர் ஒன்று: மேல்மாடிக்காரர். ஒல்லி உடம்பு, மெல்லிய மீசை, பல் செட் செய்யும் தொழில். பல் செட் செய்கிறவரை வில்லனாக்க வாய்ப்புக் கிடைத்தால் எந்த எழுத்தாளன் விடுவான்? மாடி ஏறினேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எங்க வைஃபைய நீங்க ஏதாவது..."

அவர் கையிலிருந்த கடவாய்ப் பல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க வீட்டு நெட்டையா? அது போற வேகத்துக்கு அதைத் திருடுறவன் மடையனா இருக்கணும் சார். பேசாம ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

நல்ல மனிதர். கதைக்கு ஆகமாட்டார்.

4

சேவை மையத்துக்குப் போன் போட்டேன். ஓர் இனிய குரல், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றது. பார்த்தேன் என்றேன். "இன்னொரு தடவை பாத்துடுங்க சார்" என்றது. ஆள் நாளைக்குத்தான் வருவாராம்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. மோடத்தை அணைத்தேன், பக்கத்து ஒயரை மாற்றினேன், வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன், மோடத்தையே தூக்கி அலமாரி உச்சியில் வைத்தேன். எல்லாம் ஒரே மூச்சில். நெட் பறந்தது! கூடத்தில் நான் ஆடிய ஆட்டத்தை இங்கே வர்ணிக்கப்போவதில்லை. ஆடி முடிப்பதற்குள் திரையில் காத்திருக்கச் சொல்லும் வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"நாலையும் சேர்த்து மாத்தினா எதனால சரியாச்சு, எதனால கெட்டுதுன்னு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

"கதைல எல்லாச் சந்தேக நபரையும் ஒரே அறையில கூட்டி வெச்சுத்தான்..."

"இது கதை இல்ல. தள்ளுங்க."

நியாயமாக, கதாநாயகன் இந்த இடத்தில் மாறுகிறான். கதாநாயகி ஆகிறான்.

5

அவள் மோடத்தை மேசைக்கே இறக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றினாள், பார்த்தாள். வைஃபையை விட்டுவிட்டு மடிக்கணினியை ஒயரால் நேரே மோடத்தில் செருகினாள். அப்போதும் தடங்கல். வைஃபை விடுதலை. மோடத்துக்கு வரும் குட்டி ஒயரைப் புதிதாகப் போட்டாள். அப்போதும் தடங்கல். அதுவும் விடுதலை. பிறகு மோடம் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் பக்கத்தைத் திரையில் திறந்தாள். வழியில் சிதைந்துபோன தகவல்கள் எத்தனை என்று அதில் ஓர் எண் இருக்கிறது. அது அசையாமல் இருந்தால் நலம். முக்காலியை இழுத்துப் போட்டு, பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எண் அசையவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. பரபரப்பு எழுத்தாளனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

டங்!

உள் அறையில் பீரோ கதவு. திரையில் எண் குபீரென்று எகிறியது. பச்சை விளக்கு மினுக்கியது.

அவள் மூச்சுவிடாமல் கத்தினாள். "அப்பா! இன்னொரு தடவை பீரோவைத் திறங்க!"

[மன்னிக்கவும். என் மாமனாரை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே மறந்துவிட்டேன். அரசாங்க வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்களோடு இருக்கிறார், உள் அறையில் மேட்ச் பார்ப்பார், யாருக்கும் தொந்தரவு இல்லை. சந்தேகப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் சந்தேகப்படாத ஆளே குற்றவாளி என்று வாழ்நாள் முழுக்க எழுதிச் சம்பாதித்தவன் நான்.]

"எதுக்கும்மா?" குரல் தயங்கியது.

"திறங்கப்பா!"

டங். எண் மறுபடி எகிறியது.

6

பீரோவின் முன்கால் அடியில், பாய்க்குக் கீழே, டிவிக்குப் போகும் ஒயர் நசுங்கிக் கிடந்தது. உறை கிழிந்து உள்ளே இருந்த வெள்ளிப் பின்னல் வெளியே தெரிந்தது. கதவு அசையும்போதெல்லாம் பீரோ அதை மென்றிருக்கிறது. அந்தக் கிளையில் புகுந்த இரைச்சல் ஸ்ப்ளிட்டர் வழியாக மோடத்தின் பேச்சையும் கெடுத்திருக்கிறது.

"பீரோவை எப்பப்பா நகர்த்தினீங்க?"

"போன வாரம். வெளிச்சம் டிவில விழுந்து பந்தே தெரியல."

"தனியாவா?"

"ஏன், எனக்கென்ன கை இல்லையா?"

"டிவி ஒழுங்கா தெரிஞ்சுதா?"

"படம் சதுரம் சதுரமா உடைஞ்சுது. சொன்னா புது டிவி வாங்கக் கிளம்பிடுவீங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "மாமா, ஒரு நாளைக்கு இத்தனை தடவை பீரோவில என்ன வேலை?"

அவர் சுவரைப் பார்த்தார். மகள் பீரோவைத் திறந்தாள். மடித்த வேட்டிகளுக்குப் பின்னால் க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள். சர்க்கரை நோயாளியின் பீரோவில்!

"அப்போ நெட் நின்னதெல்லாம் பிஸ்கட்டா?" என்றாள்.

"ஒண்ணொண்ணுதாம்மா சாப்பிட்டேன்."

அதற்குமேல் விசாரிக்க நேரமில்லை. மூன்றரை தாண்டிவிட்டது. அவள் ஸ்ப்ளிட்டரைக் கழற்றி எறிந்தாள். வெளி ஒயரை நேராக மோடத்தில் திருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து நிலைத்தன.

"அப்போ என் மேட்ச்?" என்றார் மாமனார்.

"மாப்பிள்ளை வாயாலேயே ஸ்கோர் சொல்லுவார்."

சொன்னேன். அடுக்களையில், கைபேசியைப் பார்த்து, கிசுகிசுப்பாக. "என்ன மாப்ளே, சிக்ஸர் அடிச்சதைச் சாவு சொல்ற மாதிரி சொல்றீங்க" என்று திட்டும் வாங்கினேன்.

7

நாலு மணி. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அவள் விரல்கள் ஓடின. திரையில் எழுத்து ஓடியது. அதே பாதுகாப்பு அதிகாரி, அதே மூச்சுவிடாத பேச்சு. போன தடவை அறுந்த இடம் வந்தது. நான் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

'அலாரம் அடித்தால் உடனே மெஷினை நிறுத்துங்கள். லிஃப்டைத் தொடாதீர்கள். மேற்கு வாசல் வழியாக வெளியேறுங்கள்.'

முழுசாக! முற்றுப்புள்ளியோடு!

அடுத்த கணம், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த காது கேளாத தொழிலாளி ஒருவர் தட்டி அனுப்பிய வரி மேலே வந்தது: 'மேற்கு வாசல் எப்போதும் பூட்டியே இருக்கிறதே. சாவி யாரிடம்?'

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அது... இப்பவே திறக்கச் சொல்றேன்." என் மனைவி அந்தச் செருமலைக்கூட விடாமல் தட்டினாள்.

வாராவாரம் திருப்பம் வைக்கிறவன் நான். சத்தியமாக, இப்படி ஒன்றை நான் வைத்ததே இல்லை.

8

முடிவுக்கு வருவோம். மூன்று வைத்திருந்தேன்.

முடிவு அ: நள்ளிரவில் பூட்டிய வாசலருகே ஒரு நிழல்... ["செருப்பு பிஞ்சிடும்" என்றாள்.]

முடிவு ஆ: மாமனார் திருந்தி பிஸ்கட்டை விடுகிறார். [மறுநாள் ஆள் வந்து சுவரோரமாகப் புது ஒயர் போட்டுவிட்டார். இனி நெட் காட்டிக்கொடுக்காது. நான் எப்படி நம்புவது?]

முடிவு இ: மின்னஞ்சல் வருகிறது. 'எங்கள் கூட்டங்கள் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ள முடியுமா?' இது நிஜமாகவே வந்தது. படித்ததும் அவள் என் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். சந்தோஷமாம். இன்னும் வலிக்கிறது.

இ-யை விரிவாக எழுதத்தான் ஆசை. ஆனால் எழுத இடமில்லை. மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே மேசையை இன்றோடு அவள் எடுத்துக்கொண்டாள். என்னை அடுக்களைக்கு மாற்றியாகிவிட்டது. ஆகவே கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் எழுதுங்கள். உள்ளே கூட்டம் ஆரம்பித்துவிட்டது.