நிற்கக் கூடாத கால்

கத்தரீனாளின் இடது கணுக்காலுக்கு மேலே மூன்று வருஷமாக ஆறாத புண். சுற்றிலும் தோல் தடித்து, வறுத்த புளியங்கொட்டை நிறத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. தேவிகுளத்துச் சரிவுகளில் முப்பது வருஷம் நின்று தேயிலைக் கொழுந்து கிள்ளிய கால், பின்னே எப்படி இருக்கும்? மூன்று திருவிழாவிலும் அந்தோணியார் சப்பரம் அவள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைத் தாண்டும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து கும்பிட்டதோடு சரி. இந்த வருஷம் கூடவே நடந்து வருவதாக அந்தோணியாரிடம் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜிஸ்மி, "வெரிகோஸ்தான் சேச்சி. ரத்தம் மேல ஏறாம கால்லயே தேங்குது, அதான் தோல் கெடுது" என்றாள். பாதத்திலிருந்து முழங்கால் வரை பேண்டேஜ் சுற்றிக் காட்டி, தினமும் அப்படியே கட்டச் சொன்னாள். காலில் துணி சுற்றக் கத்தரீனாளுக்குக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

இரண்டே வாரத்தில் கால் இன்னும் வீங்கியது. புண் நீராய்க் கசிந்தது. அந்தோணியார் கைவிட்டுவிட்டார் என்றே அவள் அழுதாள். ஜிஸ்மி கட்டை அவிழ்த்தாள். முழங்காலுக்குக் கீழே கயிறு பதிந்த தடம்.

"இந்தக் கயிறு எதுக்கு சேச்சி?"

"காட்டுல அட்டை மேல ஏறிரக் கூடாதுல்லா? நாங்க எல்லாரும் அப்படித்தான் கெட்டுவோம்."

"அட்டையோட சேர்ந்து ரத்தமும் ஏறலையே!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப்போக இளக்கம் என்று அவளையே பத்துத் தடவை கட்ட வைத்தாள் ஜிஸ்மி. "நல்லா நடக்கலாம். அசையாம நிக்கத்தான் கூடாது."

நான்கு மாதத்தில் புண் மூடியது. கறுப்பு போகவில்லை, போனால் போகிறது.

திருவிழாவன்று கத்தரீனாள் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நடந்தாள். முதல் லயத்தில் சப்பரம் நின்றது. பங்குச் சாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார். லேசில் முடிக்கிற ஆளில்லை அவர். கத்தரீனாள் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள்.

"என்னக்கா, ஆடுறியா?" என்றாள் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி.

"நின்னா கால் கெட்டுப்போகும் புள்ள."

"எங்காலும் அப்படித்தானக்கா வீங்குது" என்று மாரீஸ்வரியும் குதிகாலைத் தூக்கினாள். பின்னால் இருந்தவர்களும் தூக்கினார்கள். எல்லாமே கொழுந்துக்காட்டுக் கால்கள்தானே! மேளக்காரன் கை சும்மா இருக்குமா? தாளம் பிடித்துவிட்டான்.

கத்தரீனாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சப்பரத்தின் முன்கம்பைத் தோளில் தாங்கியிருந்த அவள் புருஷன் சுவக்கீனும் அவளைப் பார்த்துக் குதிகாலைத் தூக்கிக்கொண்டிருந்தான். சப்பரம் தூக்கிய மற்ற மூன்று பேரும் அவனோடு சேர்ந்துகொள்ள, மேலே பூமாலைக்குள் அந்தோணியாரும் ஆடினார்.