நானூற்றைம்பது மீட்டருக்குள்

1
இந்தக் கதை படிவத்தின் ஒரு காலிக் கட்டத்திலிருந்து பிறந்தது. ஓய்வுபெறும்வரை மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் நோயாளிகளை நடக்கவிட்டு அளப்பது என் வேலை. முப்பது மீட்டர் நடைபாதை, இரு முனையிலும் கூம்பு, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்பதே கணக்கு. அப்படி அளந்த தூரம் பூமியைப் பதினேழு சுற்று வரும். (சரி, நான்கு. சரி, பக்கத்து ஊர்வரை.)

2
முதல் தொடக்கம்: 'மழை பெய்த அந்தக் காலையில் ஜன்னலோரம்...' நடைபாதைக்கு ஜன்னலே கிடையாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: தையற்காரி வந்தாள். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும் நோய். ஏழு படி ஏறினால் மூச்சு அறுந்துவிடும். இருக்கும் மருந்துகள் கைவிட்டதால் புது மருந்தின் சோதனைதான் நம்பிக்கை. ஆனால் நடக்கச் சொன்னதும் சமதரையில் அம்பாகப் பறந்தாள்.

"எவ்வளவு சார்? பாஸா?"

"நானூத்தி ஐம்பத்திரண்டு. ஃபெயில்மா. நானூத்தம்பதைத் தாண்டினா சோதனைல சேர்த்துக்க மாட்டாங்க, அவ்வளவு நடக்கறவங்களுக்கு நோய் முத்தலைன்னு கணக்கு."

கணவர் தலையில் கை வைத்தார். "ஒரு மாசமா விசில் ஊதிப் பழக்கினேனே சார்!"

"இவரு வாய மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் உள்ள போயிருப்பேன்" என்றாள் அவள்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை நடக்கலாம். அதுவே கடைசி.

3
[கணவரைக் கதையிலிருந்து தூக்கிவிட நினைத்தேன். விசில் இல்லாமல் ஏது கதை? இருக்கட்டும்.]

மறுவாரம் அவர் கிசுகிசுத்தார், எனக்குக் கேட்கும்படியாக: "கொஞ்சம் மெதுவா நடம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அளவைத் தப்பா குடுத்துட்டு சட்டை சரியில்லைன்னு சண்டைக்கு வர்றவங்களை இருபது வருஷமா பாக்கறேன். நான் அந்தக் கூட்டம் இல்லீங்க. இன்னைக்கு நடிச்சுட்டு நாளைக்கு மருந்து சாப்பிட்டப்புறம் வேகமா நடந்தா, மருந்து நல்லதுன்னு எழுதிருவாங்க. அதை நம்பி எவளோ முழுங்குவா."

நிமிடத்துக்கு ஒருமுறை, எழுதிக் கொடுத்த வாக்கியத்தை மட்டுமே நான் சொல்லலாம். "நல்லா நடக்கறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." தொண்டையில் முட்டியதோ, 'நில்லு தாயே!'

4
முடிவு அ: நானூற்று நாற்பத்தொன்பது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: நானூற்று அறுபது. கணவர் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு... இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நடந்தது எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. இதோ கட்டம்:

[          ] மீட்டர்.

நீங்களே நிரப்புங்கள். ஒரே நிபந்தனை: கடைசிக் கூம்பைச் சுற்றித் திரும்பியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது, அவள் அரை அடிகூடக் குறைக்கவில்லை.